சுவிட்ச்ல தொங்கின செவப்பு அட்டை

கடல் தண்ணி தொட்டில ஹீட்டர எங்க வைக்கறதுன்னு நம்ம குரூப்புல ஒரு தம்பி கேட்டிருந்தாரு. செங்கல்பட்டு வெயில்ல மீனுக்கு ஹீட்டரான்னு அதுக்குக் கீழ சில பேர் சிரிச்சும் வச்சிருந்தீங்க. சிரிக்கறவங்க சிரிச்சுக்கங்க. எங்க வூட்ல ஹீட்டர் இருந்துச்சு. அத தப்பான எடத்துல வச்சிருந்தோம். அதனால இன்னா ஆச்சுன்னு எழுதறேன். எனக்கு சுருக்கமா எழுத வராது, பொறுத்துக்கங்க.

என் பேரு துரை. மறைமலைநகர்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனில மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். வூடு செங்கல்பட்டுல, மாடி போர்ஷன், வாடகை. கீழ் வூட்ல ஓனர் காசியம்மா அக்கா. கிரைண்டர் வச்சு இட்லி மாவு அரைச்சு விக்கறாங்க. என் சம்சாரம் தமிழ்ச்செல்வி, விலங்கியல் டீச்சர். எங்களுக்கு புள்ளைங்க இல்ல. இத முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் யாராவது கேப்பீங்க.

தொட்டி செல்வியோடது. ரெண்டடி கண்ணாடித் தொட்டி. கவர்மென்ட் வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்துகினு இருந்தா. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல தவள படம் வரைஞ்சு காட்டியே சலிச்சுப் போயி, வூட்லயாவது உசுரோட ஒண்ணு இருக்கட்டும்னு ஆரம்பிச்சா. நல்ல தண்ணி மீனு வேணாமாம், கடல் மீனுதான் வேணுமாம். ஞாயித்துக்கெழம ஆனா பைக்ல ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கினு கடப்பாக்கம் போவோம். மாமல்லபுரம் கிட்டக்க கீது, ஆனா அங்க ஜனக்கூட்டம், ஓட்டல் தண்ணி எல்லாம் கலக்கும்னு செல்வி ஒத்துக்க மாட்டா. கடப்பாக்கத்துல கோட்டைக்கு அந்தாண்ட போயி, முட்டி ஆழத்துல நின்னுகினு கேன்ல ரொப்புவோம். அவ புடவைய தூக்கி சொருவிகினு, "ஏங்க, அலைய பாக்காதீங்க, கேன பாருங்க"ன்னு கத்துவா. வர வழில பைக்கு உப்புத் தண்ணில ஊறி, ரெண்டு வருஷத்துல செயின் கவரே இல்லாம போச்சு.

மீனு ஒண்ணுதான் இருந்துச்சு. மெட்ராஸ்ல கொளத்தூர் மீன் கடைல வாங்கின டாம்சல். கட்ட வெரல் நீளம், அப்பிடி ஒரு நீலம். கூட எத விட்டாலும் கடிச்சே கொன்னுடும். "ஒண்டியாத்தான் இருப்பேன்னு வரம் வாங்கினு வந்திருக்கு. அப்பிடியே உங்க கொணம்" என்பா செல்வி.

ஹீட்டர் எதுக்குன்னு சொல்றேன். எனக்கு முக்கால்வாசி நைட்டு ஷிப்ட்டு. பகல்ல தூங்கறவன். மாடி வூடு கொதிக்கும், அதனால ஏசி ஒண்ணு மாட்டினோம், தொட்டியும் அதே ரூம்லதான். பகலெல்லாம் ஏசி ஓடும், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நான் கெளம்பறப்ப நிறுத்துவேன். அப்ப தண்ணி ஒரே நாள்ல எறங்கும், ஏறும், மறுபடியும் எறங்கும். சூடு கொல்றதவிட இந்த ஏத்த எறக்கம்தான் மீன கொல்லும். அதுவும் சின்ன தொட்டின்னா சீக்கிரமா எறங்கும். மழைக் காலத்துல சொல்லவே வேணாம். அதனால ஒரு கண்ணாடிக் குழா ஹீட்டர் வாங்கியாந்து, தொட்டி மூலைல நட்டுக்குத்தலா நிக்க வச்சோம். தல தண்ணிக்கு மேல லேசா தெரியற மாதிரி. கடைக்காரரு அப்பிடித்தான் வச்சிருந்தாரு, நாங்களும் வச்சோம்.

அதுதான் தப்பு. உப்புத் தண்ணி தொட்டில தண்ணி தெனமும் ஆவியாயி கொறையும். கொறைய கொறைய குழாவோட மேல் பாகம் காத்துல நிக்கும். ஹீட்டருக்கு இன்னா தெரியும், அது பாட்டுக்கு காயும். அந்த நேரம் பாத்து நாம ஜில்லுனு ஒரு சொம்பு தண்ணிய ஊத்தறோம். கண்ணாடி தாங்குமா?

சரி, அட்டை கதைக்கு வரேன்.

எங்க கம்பெனில ஒரு ரூல் உண்டு. மெஷின்ல ஆளு கைய வைக்கறதுக்கு முன்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, அதுல ஒரு செவப்பு அட்டைய கம்பி போட்டு மாட்டணும். டேக்னு சொல்லுவோம். 'சுவிட்ச் போடாதே, ஆள் வேலையில்'னு எழுதியிருக்கும். கீழ மாட்டினவன் பேரு. எவன் மாட்டினானோ அவன்தான் கழட்டணும். எம்.டி.யே வந்து நின்னாலும் வேற ஆளு கை வைக்கக் கூடாது. பக்கத்துல வேற ஒரு கம்பெனில ஒருத்தன் அவசரத்துக்கு அடுத்தவன் அட்டைய கழட்டி சுவிட்ச போட்டு, உள்ள இருந்தவன் கை போயிடுச்சு. அந்த ஆள நான் பாத்திருக்கேன், மறைமலைநகர் பஸ் ஸ்டாப்ல எடது கையால சில்லற எண்ணிக்கினு நிப்பாரு. அதுலேர்ந்து எங்க ஆளுங்க அட்டைன்னா அட்டைதான்.

கிழிஞ்ச அட்டை ஒண்ண நான் வூட்டுக்கு எடுத்தாந்தேன். தொட்டி கழுவறப்ப ஹீட்டர ஆஃப் பண்ணி, சுவிட்ச்ல மாட்டிட்டுத்தான் கைய விடணும்னு செல்விக்கு சொல்லிக் குடுத்தேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

"இருக்கறது ரெண்டே பேரு. நான் தொட்டில கைய விட்டா, நீங்கதான் சுவிட்ச போடணும். என்ன கொல்ற மாதிரி ஐடியா ஏதாவது கீதா?"

"ரூலுன்னா ரூலு."

"சரி, மாட்டினவ ஊருக்குப் போயிட்டா?"

"போன் போட்டு கேக்கணும். வேல முடிஞ்சுது, நான் வெளியதான் இருக்கேன், கழட்டிக்கோன்னு அவங்க வாயால சொல்லணும்."

"செத்துட்டா?"

"வாய கழுவு."

சிரிச்சாளே தவிர, அதுக்கப்புறம் ஒரு நாளும் அட்டை மாட்டாம அவ தொட்டில கை விட்டது இல்ல. மார்க்கர்ல 'த.செல்வி'ன்னு கொட்டையா எழுதி, பக்கத்துல ஒரு மீனும் போட்டு வச்சா. என் முறை வந்தா நான் பின் பக்கத்த திருப்பி மாட்டிக்குவேன். அதுல என் பேரு.

ரெண்டாயிரத்து நாலுல அவளுக்கு கவர்மென்ட் வேல வந்துச்சு. போஸ்டிங் எங்கன்னா, நீலகிரில கூடலூர் தாண்டி. இங்கேர்ந்து ஒரு ராத்திரி, அப்புறம் பாதி பகலு பஸ்ஸு. ஒரு வருஷத்துல டிரான்ஸ்பர் கவுன்சிலிங்ல வந்துடலாம்னு சொன்னாங்க. அங்க ஒரு வூட்ல ரூம் எடுத்து தங்கினா. மாசத்துக்கு ஒரு தரம் வருவா. வந்து எறங்கின ஒடனே புடவ கூட மாத்தாம தொட்டிகிட்டதான் போவா. நான் ஷிப்ட்டு முடிச்சு வந்து தூங்கிகினு இருப்பேன். அவ கெளம்பறப்ப நான் ஷிப்ட்டுக்கு கெளம்புவேன். இப்பிடியே ஒரு வருஷம் ஓடுச்சு, டிரான்ஸ்பர் வரல.

ரெண்டாயிரத்து அஞ்சு மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொளவாய் ஏரி ரோட்டுக்கு வந்துடுமோன்னு ஜனங்க பயந்துகினு இருந்த வருஷம். அந்த டிசம்பர் மொதல்ல செல்வி வந்திருந்தா. வழியெல்லாம் தண்ணியாம், பஸ்ஸ சுத்தி வுட்டு, ஒரு நாள் பூரா பஸ்லயே போச்சாம். நான் காலைல ஷிப்ட்டு முடிச்சு வந்து படுத்துட்டேன். மத்தியானம் எழுந்து பாத்தா, அவ தொட்டி கண்ணாடிய தொடச்சுட்டு கைய தொடச்சிகினு நிக்கறா. சுவிட்ச்ல அட்டை தொங்குது. ஏதோ சொல்ல வந்தா.

நான் முந்திக்கினேன். "சாயங்காலமே கெளம்பணுமா?"

"நாளன்னிக்கு காலைல எக்ஸாம் டூட்டி. வேற வழி இல்லீங்க."

"இதுக்கு எதுக்கு வர? கெஸ்ட்டு மாதிரி வந்து தொட்டிய தொடச்சுட்டு போறதுக்கு?"

"கெஸ்ட்டா?"

"எங்க ஃபோர்மேன் ராமானுஜம் சார் சம்சாரமும் டீச்சர்தான். ரிசைன் பண்ணிட்டு வூட்டோட கீறாங்க. ஒண்ணும் கொறஞ்சு போவல."

"பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கின வேலைங்க இது."

"அதே பதினோரு வருஷமா நான் உன்கூட இருக்கேனே, அது கணக்குல வராதா?"

"அப்ப நீங்க ரிசைன் பண்ணிட்டு அங்க வாங்களேன். அங்கயும் லைட்டு எரியுது, ஃபேனு சுத்துது. எலக்ட்ரீஷியன் வேணாம்னா சொல்லுவான்?"

"ஆம்பள போயி பொண்டாட்டி சம்பளத்துல..."

"அரையாண்டு லீவுக்கு நான் வரல. இந்த மீனுகூடவே இருங்க. ரெண்டு பேருக்கும் சரியா போவும்."

பைய தூக்கினா. மழை பேஞ்சுகினு இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டு போயி வுடல. அவளும் திரும்பிப் பாக்கல. மாடிப்படில செருப்பு சத்தம், கீழ காசியம்மாக்கா "இன்னாடி, வந்ததும் கெளம்பிட்ட?"ன்னு கேட்ட சத்தம், அப்புறம் கேட்டு சத்தம். அவ்ளோதான்.

அவ சொன்னதும் ஞாயம்தான், நான் சொன்னதும் ஞாயம்தான்னு எனக்கு இன்னிக்கும் தோணும். அத வுடுங்க.

மறு நாள் காலைல ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா ரூம் இருட்டா, ஜில்லுனு கீது. ஏசி கூட போடல, மழைக்கே அவ்ளோ குளிரு. ஹீட்டர் லைட்டு எரியல. சுவிட்ச பாத்தா, அட்டை. 'த.செல்வி', பக்கத்துல அந்த மீனு.

மறந்துட்டு போயிட்டாளா, வேணும்னே வுட்டுட்டு போனாளா, தெரியல. கைய நீட்டினேன். அட்டைய தொடக் கூட தொட்டேன். எடுக்க முடியல. இத படிக்கறவங்களுக்கு பைத்தியக்காரத்தனமா தெரியும். இருவது வருஷமா அடுத்தவன் அட்டைல கை வச்சது இல்ல. தூக்கத்துல எழுப்பி கழட்டச் சொன்னாலும் கை வராது. கழட்டணும்னா அவளுக்கு போன் பண்ணணும். போன எடுத்து பாத்தேன். அவ பண்ணட்டுமேன்னு வச்சிட்டேன்.

அதுக்கப்புறம் தெனமும் இதே பொழப்பு. வூட்டுக்கு வந்ததும் அடுப்புல தண்ணி காய வச்சு, பெப்சி பாட்டில்ல ரொப்பி, மூடிய இறுக்கி தொட்டில மெதக்க வுடுவேன். ஹீட்டர் இல்லாதப்ப அப்பிடி பண்ணலாம், தண்ணி மெதுவா சூடாவும். பாட்டில் ஆறினதும் வேற பாட்டில். அலாரம் வச்சு எழுந்து எழுந்து மாத்துவேன். ஆனா சாயங்காலம் ஷிப்ட்டுக்கு போயிட்டா விடிய விடிய யாரு மாத்தறது? மீனு மொதல்ல சோறு திங்கறத நிறுத்துச்சு. அப்புறம் அந்த நீலம் வெளுத்து, ஊதா மாதிரி ஆச்சு. கல்லு ஓரமா ஒதுங்கிக்கிச்சு.

வூட்ல யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம நாள் போவும். டிவி ஓடும். மார்கழி பொறந்து, தெருவுல எல்லா வாசல்லயும் கோலம். எங்க மாடிப்படிகிட்ட காசியம்மாக்கா பாவம் பாத்து ரெண்டு கோடு இழுத்து வுடுவாங்க.

ஒரு நாள் அவங்க மாவு பாத்திரத்தோட மேல வந்தாங்க. நான் முழங்கை வரைக்கும் தொட்டில வுட்டு பாட்டில சொருவிகினு இருக்கேன்.

"இன்னாடா தொர, மீனுக்கு ஒத்தடம் குடுக்கறியா?"

"குளிருதுக்கா அதுக்கு."

"உனக்கு ஒடம்பு சுட்டப்ப கூட உன் பொண்டாட்டி இவ்ளோ பாட்டில் வச்சிருக்க மாட்டா. அந்த சுடற குச்சி இன்னா ஆச்சு?"

"ஆஃப் பண்ணி கீது."

"போட வேண்டியதுதான? இந்த அட்டையா தடுக்குது?"

சொல்லிக்கினே அட்டைய ஒதுக்கிட்டு சுவிட்ச்ல வெரல வச்சுட்டாங்க.

"அக்கா! கை வைக்காத!"

நான் போட்ட சத்தத்துல அவங்க கைலேர்ந்து மாவு பாத்திரம் கீழ வுழுந்துச்சு. நான் தொட்டிலேர்ந்து கைய உருவின வேகத்துல தரையெல்லாம் உப்புத் தண்ணி.

"இன்னாடா இது! என் வூட்டு சுவிட்ச தொட உன் பொண்டாட்டிய கேக்கணுமா நான்?"

"ஆமாக்கா. கேக்கணும்."

"ரெண்டும் பைத்தியம். ஒண்ணு மலைல கீது, ஒண்ணு மாடில கீது"ன்னு திட்டிக்கினே எறங்கினாங்க. தரைல கெடந்த மாவ நான்தான் வழிச்சேன்.

மறு நாள் காலைல கம்பெனி பஸ்ல ராமானுஜம் சார் பக்கத்துல ஒக்காந்தேன். எங்க மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். மொள்ளமா கேட்டேன். "சார், ஒரு டேக்கு தொங்குது. மாட்டின ஆளு ஊருக்கு போயாச்சு. வேல முடிஞ்சுதா இல்லியா தெரியல. இன்னா பண்றது?"

அவரு நிமிந்து ஒக்காந்துட்டாரு. "எந்த லைன்ல? யாரு மாட்டினது? எனக்கு யாரும் சொல்லலியே?"

"லைன்ல இல்ல சார். வூட்ல. என் சம்சாரம் மாட்டினது."

பின் சீட்டுக்காரனுங்க காதுல வுழுந்துடுச்சு. பஸ்ஸே சிரிச்சுது. "அண்ணாத்த, பொண்டாட்டிக்கு பயந்தவன பாத்திருக்கோம். பொண்டாட்டி அட்டைக்கு பயந்தவன இப்பதான் பாக்கறோம்!" "எதுல மாட்டினாங்க மச்சான், சோத்துப் பானைலயா?"

ராமானுஜம் சார் மட்டும் சிரிக்கல. "எதுல?"ன்னாரு. ஹீட்டர்னு சொன்னேன். "அவங்க அத எதுக்கு மாட்டினாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தொட்டி கழுவ சார்."

"அது நீயா நெனைக்கறது. மாட்டினவங்க சொல்ற வரைக்கும் உனக்கு ஒண்ணும் தெரியாது. ஃபோன் பண்ணுய்யா. இதுக்கு வேற ரூல் இல்ல."

வூட்டுக்கு வந்தா, மீனு தரை மணல்ல ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. செவுளு மட்டும் அசையுது. பாட்டில் எல்லாம் ஜில்லுனு மெதக்குது. இதுவும் போயிடுச்சுன்னா அவளுக்கு இந்த வூட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காதுன்னு தோணுச்சு. அவ வந்தது என்ன பாக்கவா மீன பாக்கவான்னு கேட்டு சண்ட போட்டவன், இப்ப அந்த மீனையாவது காட்டி கூப்பிடணும்னு நிக்கறேன்.

அவ தங்கியிருந்த வூட்டு ஓனர் நம்பருக்கு போட்டேன். அந்த மலைல செல் எடுக்காது. "டீச்சரே, ஃபோனு"ன்னு யாரோ கூப்பிட்டாங்க. நடந்து வர சத்தம் கேட்டுச்சு.

"அலோ."

"நான்தான்."

"ம்."

"வந்து... ஹீட்டர் சுவிட்ச்ல உன் டேக்கு தொங்கினு கீது."



"தெரியும்"ன்னா.

"உன் வேல முடிஞ்சுதா? கழட்டலாமா?"

"கழட்டாதீங்க." கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. "ஹீட்டர் ஒடைஞ்சிருக்கு."

"எங்க?"ன்னேன்.

"பின் பக்கம், செவுத்த பாத்த மாதிரி. மேல் பாதில முடி கணக்கா ஒரு விரிசல். உள்ள வேர்த்து கீது. அன்னிக்கு பாசி சொரண்டறப்ப பாத்தேன். ஒடனே ஆஃப் பண்ணி அட்டைய மாட்டினேன். நீங்க எழுந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க எழுந்ததும் கெஸ்ட்டுன்னு ஆரம்பிச்சீங்க."

"இத்தினி நாளா போன் பண்ணி சொல்லல நீ?"

"நீங்கதான் கழட்ட மாட்டீங்களே."

"கழட்டி இருந்தா?"

"மாட்டீங்க. எனக்குத் தெரியும். கழட்டணும்னா கேப்பீங்க. அத கேக்கவாவது போன் பண்ணுவீங்கன்னு ஒக்காந்திருந்தேன். தெனமும் இந்த அம்மா வூட்டு போன் அடிச்சா கதவ தெறந்து வச்சிகினு நிப்பேன்."

நான் காசியம்மாக்கா விஷயத்த சொன்னேன். சொல்லியிருக்க வேணாம். ஆனா சொல்லாம இருக்க முடியல.

"சுவிட்ச்ல கை வச்சாங்களா?"

"வெரல வச்சுட்டாங்க. நான் கத்திட்டேன்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"தொட்டிகிட்ட."

"கை உள்ளயா?"

"முழங்கை வரைக்கும்"ன்னேன்.

அவ அழுதா. அந்த ஓனரம்மா வந்து மலையாளத்துல "எந்தா டீச்சரே?"ன்னு கேக்கறது கூட கேட்டுச்சு. "நான் போன் பண்ணியிருக்கணும்"ன்னு அதையே திரும்பத் திரும்ப சொன்னா. நானும்தான்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? உப்புத் தண்ணி, விரிசல் வுட்ட ஹீட்டர், ஈரத் தரை, வெறுங்கால். பழைய வூட்டு ஒயரிங், கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஈஎல்சிபி கெடையாது. இருவது வருஷம் கரண்ட்ல வேல செஞ்சவன் நான். எனக்கு யாரும் எடுத்து சொல்ல வேணாம்.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்க உறிஞ்சிட்டு டீச்சர் கொரலுக்கு வந்தா. "மொதல்ல மெயின ஆஃப் பண்ணிட்டு ப்ளக்க புடுங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போன பெஞ்சு மேல வச்சிட்டு போயி, மெயின எறக்கிட்டு ப்ளக்க புடுங்கினேன். உப்பு ஒயர் மேலயே ஏறி வந்து ப்ளக்கு காலெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடந்துச்சு. வந்து "புடுங்கிட்டேன்"ன்னேன்.

"கை காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சிருந்துச்சு."

"சரி."

"மீனு?"ன்னா. "கீது"ன்னேன். "அட்டைய எடுத்துடட்டா?"ன்னு கேட்டேன். "இருக்கட்டும். நான் வந்து எடுக்கறேன்"ன்னா.

பாட்டில் எல்லாத்தையும் மறுபடி சூடா மாத்திட்டு, தூங்காம கூட டிரெய்ன் ஏறி கொளத்தூர் போயி புது ஹீட்டர் வாங்கியாந்தேன். இந்த வாட்டி அத தொட்டிக்கு பின்னால, கீழ, தரை மணலுக்கு ஒரு நாலு வெரல் மேல படுக்க வச்ச மாதிரி ஒட்டினேன். தண்ணி பாதி வத்தினாலும் அது முழுகியேதான் இருக்கும். எப்பவும் முழுகி இருக்கலாம்னு எழுதின ஹீட்டரான்னு டப்பாவ பாத்து வாங்குங்க, எல்லாத்தையும் அப்பிடி வைக்கக் கூடாது. மணல்ல பொதைக்கக் கூடாது, கல்லு மேல சாயக் கூடாது. ஃபில்டர் தண்ணி வுழற பக்கமா வச்சா சூடு தொட்டி பூரா ஒரே மாதிரி பரவும். ஒயர நேரா ப்ளக்குக்கு இழுக்காம, ஒரு தொங்கு தொங்க வுட்டு அப்புறம் மேல ஏத்துங்க, சொட்டு தண்ணி அந்த தொங்கல்லயே கீழ வுழுந்துடும். தண்ணி மாத்தறதுக்கு கால் மணி முன்னாடியே ஆஃப் பண்ணி ஆற வுடணும். சுவிட்ச் ஆஃப்ல கீதுன்னு மட்டும் நம்பாதீங்க, சில பழைய வூட்ல சுவிட்ச நியூட்ரல்ல குடுத்திருப்பானுங்க, ஆஃப் பண்ணாலும் ஹீட்டர்ல கரண்ட் இருக்கும். ப்ளக்க புடுங்கிடுங்க. முடிஞ்சா ஈஎல்சிபி போடுங்க. நான் என் சொந்தக் கைலயே காசியம்மாக்கா வூட்டுக்கு போட்டுக் குடுத்தேன். அன்னிக்கு வுழுந்த மாவுக்கு அது ஈடுன்னு அவங்க எடுத்துக்கினாங்க.

மீனு பொழச்சுக்கிச்சு. பழைய நீலம் வர நாளாச்சு, வாலு ஓரத்துல ஒரு கிழிசல் மட்டும் போவவே இல்ல.

அரையாண்டு லீவுக்கு செல்வி வந்தா. வந்ததும் தொட்டிகிட்ட போவல. நேரா சமையக்கட்டுக்கு வந்து, என் வலது கைய புடிச்சு, முழங்கை வரைக்கும் திருப்பித் திருப்பி பாத்தா. அப்புறம் போயி அட்டைய அவளே கழட்டினா. ரிசைன் பத்தி நான் கேக்கல, அவளும் பேசல. அந்த லீவுல ஒரு நாள் கடப்பாக்கம் போனோம். மழைல கடலு சேறா இருந்துச்சு, தண்ணி எடுக்க முடியல. வெறும் கேனோட கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வந்தோம்.

கெளம்பறப்ப அட்டைய மடிச்ச புடவைக்கு நடுவுல வச்சு பைல போட்டா.

"அது எதுக்கு உனக்கு?"

"அங்க குளிக்க தண்ணி காய வைக்கறது ஹீட்டர் ராடுலதான். ஆஃப் பண்ணிட்டு இத மாட்டிட்டுத்தான் பக்கெட்டுல கைய வைக்கப் போறேன்."

"அந்த ரூம்ல நீ ஒருத்திதான. யாரு வந்து சுவிட்ச போடப் போறாங்க?"

"யாரும் இல்லதான். பேரு எழுதின அட்டை ஒண்ணு தொங்கினா, கூட யாரோ இருக்கற மாதிரி இருக்கும். இருக்கட்டும் வுடுங்க."

இந்த வாட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்.

இப்ப ரெண்டாயிரத்து ஒம்போது. அவ இன்னும் கூடலூர்லதான் கீறா. வருஷா வருஷம் கவுன்சிலிங் போவா, எடம் இல்லன்னு திரும்புவா. நான் இன்னும் நைட்டு ஷிப்ட்டு. கம்பெனில கேட்டா இன்னொரு அட்டை குடுப்பாங்க, நான் கேக்கல. அதுக்கு பதிலா, தொட்டில கை வுடறதுக்கு முன்னாடி அவளுக்கு போன் போடுவேன். இப்ப அந்த மலைலயும் செல் எடுக்குது.

"ப்ளக்க புடுங்கிட்டேன். கைய வுடப் போறேன்."

"சரி."

போன பெஞ்சு மேல வச்சிடுவேன், கட் பண்ண மாட்டேன். அவ அந்தப் பக்கம் பேப்பர் திருத்துவா, பாத்திரம் கழுவுவா, சத்தம் கேக்கும். நான் கண்ணாடிய தொடப்பேன், மணல கிளறுவேன். மீனு வந்து கைய கடிக்கும். முடிஞ்சதும் கைய தொடச்சிகினு போன எடுப்பேன்.

"கைய எடுத்துட்டேன்."

"சரி."

சில நாளு அவ்ளோதான் பேச்சு. நீங்க தனியா இருந்து தொட்டி வச்சிருக்கறவங்களா இருந்தா, யாருக்காவது சொல்லிட்டு கைய வுடுங்க. எடுத்ததும் சொல்லுங்க.